ஐப்டேசியாவைக் கொல்வது இருக்கட்டும், உள்ளே விடாமல் இருப்பது எப்படி?

சிங்கை_உப்புத்தண்ணீர்:

வணக்கம் நண்பர்களே. மூன்றடிக் கடல்நீர்ப் பவளத் தொட்டி, கீழே இருக்கும் சம்ப்போடு (ஃபில்டர், பம்ப் எல்லாம் வைக்கும் துணைத்தொட்டி) சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர். காய்ந்த பாறை போட்டு ஆரம்பித்தேன், உயிர்ப்பாறை (கடல் உயிர்கள் ஒட்டியபடியே வரும் பாறை) ஒரு துண்டுகூட வாங்கவில்லை, ஏனென்றால் ஐப்டேசியா மாதிரி, அதாவது தொட்டியில் களைபோலப் பெருகும் சின்னக் கடல் சாமந்தி மாதிரி, வேண்டாத விருந்தாளி எதுவும் வரக்கூடாது என்பதில் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தேன். பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு கடையில் பச்சை ஜோவாந்தஸ் என்ற மெத்தையான பவள வகையின் ஃப்ராக் (வெட்டி எடுத்த சின்னத் துண்டு) ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சுத்தமான தொட்டி என்றார். வீட்டுக்கு வந்ததும் மருந்துத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கினேன், அது ஒட்டியிருந்த ப்ளக்கோடு (சின்னப் பீங்கான் அடிக்கட்டை) அப்படியே பாறை இடுக்கில் செருகினேன். ப்ளக்கைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த ப்ளக்கின் ஓரத்தில் வெளிர்பழுப்பாக, கண்ணாடி மாதிரி, ஒரு சின்னக் குடை விரிந்து நின்றது. பார்த்ததும் ஐப்டேசியா என்று தெரிந்துவிட்டது. பதற்றத்தில் இடுக்கியால் பிடித்து இழுத்தேன். பாதி கையோடு வந்தது, மீதி பாறைக்குள் சுருங்கிப் போனது. ஆறு வாரத்தில் எண்ணிப் பார்த்தால் 9. நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன், 30 வரை எண்ணினேன், அதற்கு மேல் மனசு வரவில்லை. ஜோவாந்தஸ் பாதி மூடியே கிடக்கிறது, பக்கத்தில் இருக்கும் ஒன்று தன் கொடுக்குக் கைகளால் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

எப்படிக் கொல்வது என்று எங்கே தேடினாலும் நூறு வழி கிடைக்கிறது. நான் கேட்பது வேறு. வருடக்கணக்காக இது இல்லாமல் தொட்டி வைத்திருப்பவர்கள் வாசலில் என்ன செய்கிறீர்கள்? இதை ஒழித்த பிறகு மறுபடி ஒருமுறை இந்த நிலைமைக்கு வர நான் தயாராக இல்லை.

கேஎல்_பவளம்:

தம்பி, முதலில் ஒன்று. இடுக்கியைத் தூக்கி உள்ளே வையுங்கள். இனி எதையும் பிடுங்க வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். இந்தக் கடல் சாமந்திக்குப் பாதத்தட்டு என்று அடியில் ஒரு பகுதி உண்டு, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று பாறையில் ஒட்டி நின்றால் போதும், சில வாரங்களில் அது வாயும் கையும் முளைத்து முழு உருவமாகிவிடும். நீங்கள் இழுக்காவிட்டாலும் அது தானாகவே நகர்ந்துபோகும் வழியில் இப்படித் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். அதற்கு ஜோடி தேவையில்லை. உங்கள் தொட்டியில் இருக்கும் முப்பதும் அந்த ஒன்றின் நகல்களாகத்தான் இருக்கும்.

வாசல் கேள்விக்கு வருகிறேன். பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன், முதல் மூன்று வருடம் உங்களைப் போலவே அவதிப்பட்டேன், அதற்குப் பிறகு என் பெரிய தொட்டியில் ஒன்றுகூடக் கண்டதில்லை. நான் செய்வது இரண்டே இரண்டு.

கடையின் ப்ளக் என் வீட்டுக்குள் வராது. ஃப்ராக் வாங்கியதும் பவளத்தை அந்த ப்ளக்கிலிருந்து பெயர்த்து எடுத்துவிடுவேன். கல்போன்ற பவளமாக இருந்தால் எலும்பு வெட்டும் கட்டரால் அடித்தளத்தோடு நறுக்குவேன், ஜோவாந்தஸ் மாதிரி மெத்தையாக இருந்தால் மெல்லிய பிளேடால் அடியோடு சீவி எடுப்பேன் (கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, இதைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள்). பிறகு புது ப்ளக்கில் ஜெல் பசை வைத்து ஒட்டுவேன். ப்ளக்கின் காம்பு, அடிப்பக்கம், அதில் இருக்கும் ஓட்டை, பழைய பசைக்கும் பீங்கானுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு, இவைதான் அதன் ஒளிவிடம். அந்த இடத்தையே குப்பையில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, தனித்தொட்டி. பத்து கேலன்கூட இல்லை என்னுடையது. ஒரு ஹீட்டர், ஒரு சின்ன ஃபில்டர், சுமாரான விளக்கு. புதிதாக வரும் எதுவும் அதில் குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு. ஏன் அவ்வளவு என்றால், வாங்கும் நாளில் இல்லாதது போலிருக்கும் துணுக்கு கண்ணுக்குத் தெரியும் அளவு வளர அத்தனை நாள் ஆகிறது. அந்த வாரங்களில் கொஞ்சம் தாராளமாகவே தீனி போடுவேன், ஆர்ட்டீமியா (தீனிக்கு வளர்க்கும் குட்டி உப்புநீர் இறால்) குஞ்சு, இறால் பொடி. ஒளிந்திருப்பது தீனிக்காக வெளியே நீளட்டும் என்பதற்காக. பட்டினி போட்டால் சுருங்கி ஒளிந்துகொள்ளும், நமக்கும் சுத்தமாகத் தெரியும், ஏமாந்துவிடுவோம்.

மருந்தில் முக்குவதை நம்பாதீர்கள். தட்டைப்புழு, சில பூச்சிகள், இதற்கெல்லாம் நல்லது, நானும் முக்குகிறேன். ஐப்டேசியா சுருங்கி உட்கார்ந்து நீங்கள் எடுக்கும் வரை காத்திருக்கும்.

சிங்கை_உப்புத்தண்ணீர்:

நன்றி அக்கா. ப்ளக்கை மாற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை, அழகுக்கு மட்டும்தான் மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். தனித்தொட்டி வைக்க இந்த வீட்டில் இடம் கம்மி, ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒன்று அடங்கும். செய்கிறேன்.

கொளத்தூர்_உப்புக்காரன்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது மீன் மட்டும் உள்ள தொட்டி. இங்கே கடினப் பவளங்கள் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, கடலிலிருந்து எடுத்த பவளமோ அந்தப் பவளப்பாறைத் துண்டோ வைத்திருப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, பீங்கான் பாறை, நத்தைகள், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பவளமே வாங்காத என் தொட்டிக்கும் ஐப்டேசியா வந்தது. நண்பர் ஒருவர் சம்ப்பில் போடச் சொல்லி ஒரு கொத்து கீட்டோ பாசி கொடுத்தார். தேங்காய் நார் மாதிரி சுருண்டிருக்கும் அந்தப் பாசிக்குள் குட்டிக் குட்டியாக மூன்று இருந்திருக்கின்றன. இன்னொரு முறை டர்போ நத்தையின் ஓட்டு முதுகில் ஒன்று சவாரி செய்து வந்தது. அக்கா சொன்ன வாசல் விதி பவளத்துக்கு மட்டும் இல்லை, ஈரமாக வரும் எல்லாவற்றுக்கும். பாசி, நத்தை, துறவி நண்டு, இன்னொருவர் தொட்டியில் ஓடிய பம்ப், கடன் வாங்கிய வலை வரைக்கும். நத்தை ஓட்டைப் பழைய பல்துலக்கியால் தனி வாளியில் தேய்த்துவிட்டு, அந்தத் தண்ணீரையும் பிரஷ்ஷையும் தொட்டிப் பக்கமே கொண்டுவர மாட்டேன். உங்கள் மீன் வந்த பையின் தண்ணீரும் அப்படித்தான், மீனை மட்டும் எடுங்கள், தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இப்போது இருக்கும் முப்பதுக்குச் சுண்ணாம்பு போதும். கால்க்வாசர் என்று கடையில் விற்கும் தூள் வேறு எதுவும் இல்லை, கால்சியம் ஹைட்ராக்சைடு, நம் நீற்றிய சுண்ணாம்பு. தண்ணீரில் அதன் பி.எச். 12க்கு மேலே போகும், அந்தக் காரம்தான் அதைக் கரைக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவிடாதீர்கள், அதில் வாசனையும் நிறமும் என்னென்னவோ கலந்திருக்கும், மீன்வளக் கடையிலோ ரசாயனக் கடையிலோ சுத்தமானதை வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து சிரிஞ்சில் ஏற்றுங்கள். பம்ப், வேவ்மேக்கர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலில் ஒரு துளி இறால் சாறு காட்டினால் அது வாயைத் திறக்கும், அந்த நேரம் பார்த்து உடம்பில் படாமல் வாயின் மேலே மெல்ல இறக்குங்கள். ஊசி உடம்பில் இடித்தால் ஒரு நொடியில் ஓட்டைக்குள் போய்விடும். உள்ளே போனால் ஓட்டையையே அந்தக் குழம்பால் மூடுங்கள். கால் மணி நேரம் கழித்து பம்ப்பைப் போடலாம். ஒரே நாளில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், உங்களுடைய 200 லிட்டரில் பி.எச். ஏறிவிடும்.

சுண்ணாம்பு என்றதும் ஒரு நினைவு. தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையை வெட்டி வந்து காளவாயில் எரித்துச் சுண்ணாம்பாக்கிய காலம் உண்டு. என் தாத்தா வீடு அந்தச் சுண்ணாம்பு பூசியதுதான். அதே சுண்ணாம்பை இன்று தொட்டியில் பவளத்தைக் காப்பாற்றப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஸ்கார்பரோ_கடல்:

கொளத்தூர் அண்ணா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் 30 கண்ணில் பட்டால் உள்ளே அதற்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றாக ஊசி போட்டு முடியாது என்பது என் அனுபவம். ஒரு பக்கம் நான் சுட்டுக்கொண்டு வர, மறுபக்கம் பாறையின் பின்னால் புதிது கிளம்பிக்கொண்டே இருந்தது. நான்கு மாதம் அப்படிப் போனது. கடைசியில் பெர்கியா வாங்கினேன், ஓடில்லாத ஒரு கடல் நத்தை, இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. அதன் முதுகில் மயிர் மாதிரி இருக்கும் நீட்டங்களில், தான் தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களையே சேர்த்து வைத்துத் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்கிறது என்று படித்தபோது அந்தச் சின்ன உயிர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. இங்கே கனடாவில் வளர்த்து விற்கிறார்கள்.

பொறுமை வேண்டும். விட்ட முதல் மாதம் ஒன்றையும் பார்க்கவில்லை, காசு போச்சுது என்று நினைத்தேன். இரவில்தான் நடமாடும். பிறகு கண்ணாடியில் வெள்ளை நூலைச் சுருட்டி வைத்தது மாதிரி முட்டை தெரிந்தது. மூன்றாவது மாதம் ஐப்டேசியா குறைவது கண்ணுக்குத் தெரிந்தது, ஐந்தாவது மாதம் ஒன்றுமில்லை. ஆறுகோட்டு ராஸ் மீன் இருந்தால் பெர்கியாவை விட வேண்டாம், தின்றுவிடும். பம்ப் வாய்களுக்குப் பஞ்சு போடுங்கள். ஐப்டேசியா தீர்ந்ததும் பெர்கியாவும் பட்டினியில் செத்துப்போகும், அதற்கு முன் பிடித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நான் நான்கு பேருக்குக் கொடுத்தேன்.

ஜோகூர்_தொட்டி:

இவ்வளவு சிரமம் எதற்கு? இரண்டு பெப்பர்மிண்ட் இறால் விடுங்கள், ஒரு வாரத்தில் காணாமல் போகும். எனக்குப் போனது.

கேஎல்_பவளம்:

உங்களுக்குப் போனதில் சந்தோஷம், ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். நம் பக்கத்துக் கடைகளில் பெப்பர்மிண்ட் என்று கொடுப்பது பல நேரம் ஒட்டக இறால். முதுகில் கூன் இருக்கும், சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் கலந்திருக்கும், கண் பெரிதாக இருக்கும். அது ஜோவாந்தஸையும் மெத்தைப் பவளங்களையும் தின்னும். உண்மையான பெப்பர்மிண்ட் லைஸ்மாட்டா இனம், உடம்பு ஏறக்குறைய கண்ணாடி, நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகள், கூன் பெரிதாக இருக்காது. அப்படியே சரியான இறாலாக இருந்தாலும் மீன் தீனி நிறையக் கிடைத்தால் அது ஐப்டேசியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெரிய ஐப்டேசியாவைத் தொடவே தயங்கும். எனக்குத் தெரிந்து அதன் உண்மையான பயன், குட்டியாக இருக்கும்போதே மேய்ந்துவிடுவதுதான். பெர்கியாவோடு சேர்த்து மட்டும் விடாதீர்கள், இறால் பெர்கியாவைத் தின்னும்.

பட்டாம்பூச்சி மீன், ஃபைல்ஃபிஷ் என்று யாராவது சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறேன். செப்புப்பட்டை பட்டாம்பூச்சி மீன் மூன்றடித் தொட்டிக்கு உரியது இல்லை, கடைத் தீனியைத் தொடாமலே பட்டினியில் செத்துப்போன எத்தனையோ மீன்களைப் பார்த்துவிட்டேன். ஒரு பூச்சிக்காக அந்த மீனை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபைல்ஃபிஷ் நன்றாகத் தின்னும், ஐப்டேசியா தீர்ந்தபின் சில மீன்கள் ஜோவாந்தஸைக் கொத்த ஆரம்பிக்கும்.

ஜோகூர்_தொட்டி:

சரி அக்கா, என் இறாலைப் போட்டோ எடுத்துப் பார்த்தேன், கூன் இல்லை, லைஸ்மாட்டாதான். ஆனால் நான் ஒரு தொட்டியை வைத்துப் பேசிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வகத்து_அனிமோன்:

இந்த இழையை ஆவலோடு படித்தேன், ஏனென்றால் நீங்கள் ஒழிக்கப் பாடுபடும் உயிரை நான் சம்பளத்துக்கு வளர்க்கிறேன். ஐரோப்பாவில் ஓர் உயிரியல் ஆய்வகம். பவளத்துக்குள் பாசி வாழும் உறவு எப்படி உண்டாகிறது, கடல் சூடானால் ஏன் முறிகிறது என்பதை ஆராய எங்களுக்கு ஐப்டேசியாதான் மாதிரி உயிரி. பவளம் மெல்ல வளரும், சீக்கிரம் செத்துவிடும். இது அதே வகைப் பாசியை உடம்பில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் டப்பாவில் பெருகும். 2015இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளியானது.

உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் என் வேலையிலிருந்து. ஐப்டேசியாவால் உள்ளே பாசி இல்லாமலும் வாழ முடியும். நாங்கள் அப்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறோம், இருட்டில், ஆர்ட்டீமியா குஞ்சு மட்டும் கொடுத்து. அவை பழுப்பாக இருக்காது, பால்வெள்ளையாக, ஏறக்குறைய ஊடுருவித் தெரியும்படி இருக்கும். வீட்டுத் தொட்டியில் இதே நிலைமை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்: சம்ப்பின் இருட்டு மூலை, தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, பம்ப்புக்குத் திரும்பும் குழாய், ஸ்கிம்மரின் (நுரையாக்கிக் கழிவை எடுக்கும் கருவி) அடி. பழுப்புக் குடையைத் தேடும் கண்ணுக்கு அவை தெரியாது. நீல டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் வைத்துத் தேடுபவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், அந்த வெளிச்சத்தில் சிவப்பாக மின்னுவது உள்ளே இருக்கும் பாசியின் பச்சையம். பாசி இல்லாதது அப்படி மின்னாது. சம்ப்பை வெள்ளை டார்ச்சால் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், நிழலோடு தெரியும்.

இன்னொன்று, நாங்கள் டப்பா கழுவும்போது ஒரு துணுக்கு இன்னொரு டப்பாவுக்குப் போகக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு வகைக்கும் தனி பிரஷ், தனி பிப்பெட் வைத்திருக்கிறோம். அப்படியும் சில நேரம் கலந்துவிடுகிறது.

ஈப்போ_புதுசு:

எனக்கு வந்திருப்பது கண்ணாடி மாதிரி இல்லை. குட்டையாக, பச்சை, கை நுனி கொஞ்சம் உருண்டு இருக்கிறது. குமிழ்நுனி அனிமோன் (கோமாளி மீன் தங்கும் கடல் சாமந்தி) குட்டி இலவசமாக வந்துவிட்டது என்று கோமாளி மீனுக்காக விட்டுவைத்திருந்தேன். இப்போது ஏழு இருக்கிறது. பாறையையே எடுத்து வெந்நீரில் கொதிக்க வைத்துவிடலாமா?

கேஎல்_பவளம்:

கொதிக்க வைக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும், எந்தப் பாறையையும். ஜோவாந்தஸ், குறிப்பாக அதன் உறவான பாலிதோவா, இவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கொதிக்க வைத்தால் அது ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். சூட்டுக்கு அது அழியாது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு குடும்பம் தொட்டிப் பாறையிலிருந்து பவளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோதே எல்லோரும் நோய்ப்பட்டு, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் சேர்த்து மருத்துவமனைக்குப் போனார்கள். சுரண்டியதற்கே அப்படி. வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் மேலே ஜோவாந்தஸைச் சீவுவேன் என்று எழுதினேனே, அதையும் தண்ணீருக்குள் வைத்து, கண்ணாடி, கையுறை போட்டு, கையில் வெட்டுக்காயம் இல்லாத நாளில்தான் செய்வேன். அந்தத் தண்ணீரை ப்ளீச் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கொட்டுவேன்.

உங்களுக்கு வந்திருப்பது மஜானோ, ஐப்டேசியா போலவே தொட்டியில் பெருகித் தொல்லை தரும் இன்னொரு கடல் சாமந்தி. குமிழ்நுனி அனிமோன் குட்டியாக இருந்தால் இத்தனை சீக்கிரம் ஏழாகாது. பெர்கியா இதைத் தின்னாது. ஏழுதான் என்றால் சுண்ணாம்புக் குழம்பு போதும், அல்லது அது இருக்கும் பாறை சின்னதாக இருந்தால், அதில் வேறு பவளம் இல்லையென்றால், எடுத்து மாதக்கணக்கில் வெயிலில் காயவிடுங்கள். ஆறேழு வாரம் தொடர்ந்து கவனியுங்கள். ஒன்றை அழகுக்கு என்று விட்டுவைக்காதீர்கள்.

ஈப்போ_புதுசு:

அம்மா சமையலறையில்தான் கொதிக்க வைக்க இருந்தேன். நன்றி அக்கா, ரொம்ப நன்றி.

சிங்கை_உப்புத்தண்ணீர்:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். வந்து படிப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

பெரியவற்றைச் சுண்ணாம்பால் சுட்டேன், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து என்ற கணக்கில், மொத்தம் மூன்று வாரம். அப்புறம் பெர்கியா எட்டு விட்டேன். ராஸ் இல்லாததால் பிழைத்தன. மேல் தொட்டியில் கடைசியாக ஐப்டேசியா பார்த்து ஐந்து வாரம் ஆகிறது. ஜோவாந்தஸ் முழுதாக விரிந்திருக்கிறது, புதிதாக இரண்டு பாலிப்பும் வந்திருக்கின்றன.

ஆய்வகத்து நண்பர் சொன்னதைப் படித்த அன்றே சம்ப்பில் டார்ச் அடித்தேன். ஸ்கிம்மருக்குப் பின்னால், வெள்ளையாக, பதினொன்று. அவர் சொல்லாவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது, மேலே எத்தனை சுத்தம் செய்தாலும் கீழேயிருந்து வந்துகொண்டே இருந்திருக்கும். சம்ப் கழற்றக்கூடியது என்பதால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வினிகரில் ஊறவைத்து, காயவைத்து மாட்டினேன். குழாயை மட்டும் புதிதாக மாற்றிவிட்டேன்.

தனித்தொட்டி இரண்டு மாதமாக ஓடுகிறது. போன மாதம் டார்ச் என்ற வகைக் கல்போன்ற பவளம் ஒன்று வாங்கினேன், ப்ளக்கை வெட்டிப் போட்டுவிட்டு உள்ளே வைத்தேன். நான்காவது வாரம் வரை ஒன்றுமில்லை, சீக்கிரமே மாற்றிவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஐந்தாவது வாரம் அதன் எலும்புக்கூட்டின் அடியில், மடிப்புக்குள், மிளகு அளவில் ஒன்று கை நீட்டியது. சுண்ணாம்பு வைத்தேன். நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.

கேஎல்_பவளம்:

எட்டு வாரமாக எண்ணுங்கள் தம்பி. அதன் அடிமடிப்பை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கொளத்தூர்_உப்புக்காரன்:

தனித்தொட்டிக்கு வலை, பைப்பெட், துண்டு எல்லாம் தனியாகத்தானே வைத்திருக்கிறீர்கள்?

சிங்கை_உப்புத்தண்ணீர்:

துண்டு மட்டும் ஒன்றாக இருந்தது அண்ணா. இன்றே மாற்றுகிறேன்.